ரசீது வாங்கினாயா?

அப்பா இறந்து ஐந்தாவது மாதம். வாரிசுச் சான்றிதழுக்காக நானும் அம்மாவும் எட்டாவது முறையாக அந்தத் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல் வரை நிமிர்ந்து நடந்து வந்த அம்மா, படியேறியதும் பாதியாகக் குறுகிப்போனாள். செருப்பை வாசலிலேயே கழற்றினாள். கழற்றச் சொல்லி அங்கே பலகை எதுவும் இல்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே "அடுத்த வாரம் வாங்க" என்றார். "சரிங்க சாமி" என்றாள் அம்மா. நாற்று நடவுக்கு இருபது பேரை நிறுத்தி அதட்டி வேலை வாங்குகிறவள், வரப்புத் தகராறில் பங்காளிகளை ஒற்றை ஆளாக நின்று சமாளித்தவள், ஒரு மேசைக்கு முன்னால் சிறு பிள்ளையாகிவிட்டாள்.

அன்று என் அடிவயிற்றில் பற்றிய தீ இன்னும் அணையவில்லை. அந்தத் தீயை உன் கையில் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். வெளியே புங்கமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதும் பெரியவர் ஒருவரிடம் போனோம். அம்மா கதையைச் சொல்லி அழுதாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"ஏற்கெனவே குடுத்த மனுவுக்கு ரசீது வாங்கினீங்களா தாயி?"

வாங்கவில்லை. எட்டு முறை போயிருந்தோம். ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை.

"அப்ப நீங்க இன்னும் மனுவே குடுக்கல."

நான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்த தாளை வாங்கிப் படித்தார். 'தாழ்மையுடன் பணிந்து', 'தாங்கள் கருணை கூர்ந்து', 'ஏழை விதவையின் மீது இரக்கம் காட்டி' என்று நான் அழகாக நினைத்துக் கோத்திருந்த சொற்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். இறந்த தேதி, மனு கொடுத்த தேதி, இணைத்த ஆவணங்கள், கேட்கும் சான்று ஆகிய நான்கு மட்டும் மிஞ்சின. "தம்பி, இரக்கம் கேட்டா அவரு இரக்கப்படலாம், படாமலும் இருக்கலாம். சான்று குடுக்குறது அவரு வேலை. வேலையைக் கேளு" என்றார். அரசமைப்புச் சட்டம் பற்றி நான் கேட்ட முதல் வகுப்பு அதுதான். கட்டணம் இருபது ரூபாய்.

'அரசாங்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் உன் மனதில் என்ன உருவம் எழுகிறது? வானத்துக்கும் பூமிக்குமாக ஒரே ஆள். அவனுக்கு முன்னால் நீ ஒரு தூசு. சொல், இப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் முதுகை வளைப்பது இந்த உருவம்தான். தம்பி, தங்கை, நன்றாகக் கேட்டுக்கொள்: அப்படி ஓர் ஆளே இந்த நாட்டில் கிடையாது!

ஒரு காலத்தில் இருந்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் நிலவரியை வசூலிப்பார், போலீஸை ஏவுவார், அதே மனிதர் மாஜிஸ்திரேட் நாற்காலியிலும் உட்கார்ந்து தண்டனை விதிப்பார். அடித்தவரிடமே போய் 'அடித்துவிட்டார்' என்று முறையிட வேண்டும். உன் கொள்ளுத்தாத்தா குனிந்தார் என்றால் அதில் காரணம் இருந்தது. அரசியல் நிர்ணய சபை 2 ஆண்டு 11 மாதம் 18 நாள் உட்கார்ந்து, அந்த ஒற்றை ஆளைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தது. சட்டம் இயற்றும் வேலை ஒருவரிடம். அதை நடத்தும் வேலை இன்னொருவரிடம். சரியாக நடத்தினாரா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை மூன்றாமவரிடம். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 50-ஆவது பிரிவில் தனியாகவே எழுதினார்கள். அதோடும் விடவில்லை. டெல்லிக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு என்று குறுக்கிலும் வெட்டினார்கள். 1993-ல் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது உன் ஊராட்சி வரை அந்த வெட்டு வந்து சேர்ந்தது.

எதற்கு இத்தனை வெட்டு? உனக்காக! எந்தத் துண்டும் உன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஏற்பாடு 1950 ஜனவரி 26 அன்றே நடைமுறைக்கு வரத் தொடங்கிவிட்டது. நீ மட்டும் இன்னும் கொள்ளுத்தாத்தாவின் முதுகோடு நிற்கிறாய்.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஒரு சோப்பு வாங்கினால் அதில் வரி போகிறது. கூலி வேலை செய்யும் பாட்டி மருந்து வாங்கினாலும் போகிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒரு பைசா வரியும் போடக் கூடாது என்கிறது 265-ஆவது பிரிவு. போட்ட வரி போய்ச் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசாவை எடுப்பதற்கும் சட்டம் வேண்டும். பிரதமரே ஆனாலும், முதலமைச்சரே ஆனாலும், 'சாவியைக் கொடு' என்று கேட்டு எடுக்க முடியாது. ஒவ்வொரு துறையும் அவைக்கு முன்னால் வந்து நின்று 'இத்தனை கோடி தாருங்கள்' என்று கேட்க வேண்டும். அதற்குப் பெயரே மானியக் கோரிக்கை. பெயரைக் கவனித்தாயா? கேட்பது அரசு, கொடுப்பது நீ அனுப்பிய அவை.

அந்த நேரத்தில் ஓர் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். மக்களவையில் ஒரு வகை இருக்கிறது: பல ஆயிரம் கோடி ரூபாய் கேட்கும் துறையின் தொகையில் வெறும் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. எதற்கு 100 ரூபாய்? அந்தத் துறை செய்யத் தவறிய ஒரு வேலையை அவை நடுவில் பேசுவதற்கு. உன் ஊர் ரயில் பாலம் பாதியில் நிற்கிறது என்றால் அந்த 100 ரூபாயின் தோளில் ஏறி அது நாடாளுமன்றத்துக்குள் நுழையலாம். இதெல்லாம் தெரியாமல்தான் 'நமக்கெல்லாம் யார் இருக்கிறார்கள்' என்று டீக்கடையில் பெருமூச்சு விடுகிறாய். உன் உறுப்பினர் என்ன கேள்வி கேட்டார், எந்த வெட்டுத் தீர்மானம் கொடுத்தார் என்று ஒரு முறையாவது தேடிப் பார்த்தாயா? தேடு. அவை நடவடிக்கைகள் அச்சாகின்றன, இணையத்திலும் கிடக்கின்றன. உன் திருமணத்துக்கு வந்து மொய் எழுதியதை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு ஓட்டுப் போடாதே.

ஓட்டு என்றதும் உதட்டைப் பிதுக்குகிறாய். 'என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?' இந்தக் கேள்வியை நான் வெறுக்கிறேன். தன்னைத் தானே பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள்ளும் கேள்வி இது. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 269. எதிர்ப்பு 270. அணுகுண்டு சோதித்த அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று 75-ஆவது பிரிவு சொல்வதன் பொருள் இதுதான். நிர்வாகம் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதன் நாற்காலிக் கால்கள் அவையின் தரையில்தான் ஊன்றியிருக்கின்றன. 2008-ல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் முதலமைச்சர் ஆகக்கூடியவர் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷி தோற்றார். அவருக்கு 62,215 வாக்கு, எதிராளிக்கு 62,216. அன்று வாக்குச்சாவடிக்குப் போகச் சோம்பல்பட்டு வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேரோ!

குஜராத்தின் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரு சிறு கோவில். சிங்கம் நடமாடும் காடு. அங்கே இருந்த ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு வாக்குச்சாவடி அமைத்தார்கள். அதிகாரிகள், காவலர்கள், இயந்திரம் எல்லாம் அந்த ஒரு மனிதருக்காகக் காட்டுக்குள் போயின. அவர் வந்து விரலை நீட்டினால் நூறு சதவீத வாக்குப்பதிவு. ஒரு மனிதனைத் தேடிக்கொண்டு குடியரசு காட்டுக்குள் போகிறது. நீயோ தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க அலுத்துக்கொள்கிறாய்!

சரி, கதவுகளுக்கு வருவோம். நம்மில் பலர் சோர்ந்துபோவது தவறான கதவைத் தட்டித்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறோம். ரயில்வே கேட் அரை மணி நேரம் மூடிக் கிடக்கிறது என்று கவுன்சிலரிடம் சண்டை போடுகிறோம். இருவரும் ஒன்றும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. 'அரசாங்கமே இப்படித்தான்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை ஒரே ஒரு முறை படித்துவிடு. மூன்று பட்டியல்கள். ரயில், தபால், வங்கி, பாதுகாப்பு, குடியுரிமை ஒன்றியத்திடம். காவல்துறை, நிலம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி மாநிலத்திடம். மூன்றாவது பொதுப்பட்டியல், இருவரும் சட்டம் இயற்றலாம், மோதினால் பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் அதைத் தூக்கிப் பொதுப்பட்டியலில் வைத்தது. உன் பிள்ளையின் தேர்வு பற்றி டெல்லியும் சென்னையும் ஏன் மல்லுக்கட்டுகின்றன என்று இப்போது புரிகிறதா? ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு ஒரு வரி இடம் மாறியதன் கதை அது. அந்த ஒரு வரியைத் தெரிந்தவன் விவாதத்தில் நிமிர்ந்து பேசுகிறான். தெரியாதவன் கூச்சல் போடுகிறான்.

கூட்டாட்சி என்றால் எந்நேரமும் சண்டை என்று நினைத்துவிடாதே; ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. ஜி.எஸ்.டி. மன்றத்தைப் பார். வாக்கின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றியத்துக்கு, இரண்டு பங்கு மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பார். டெல்லி தனியாக ஒன்றும் செய்ய முடியாது, டெல்லியை விட்டுவிட்டு மாநிலங்களும் செய்ய முடியாது.

ஆனால் சுயமரியாதை தானாக வந்து மடியில் விழுவதில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1974-க்கு முன் சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் தேசியக் கொடியை ஏற்றியவர்கள் ஆளுநர்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் பக்கத்தில் நின்று வணக்கம் வைப்பார். தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி 'டெல்லியில் பிரதமர் ஏற்றுகிறார், மாநிலத்தில் முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது?' என்று கேட்டார். கேட்டது நியாயம்; கிடைத்தது. 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடி ஏற்றினார். தமிழ்நாட்டுக்கு மட்டுமா? இந்தியாவின் எல்லா முதலமைச்சர்களுக்கும் அந்த உரிமை வந்தது. உனக்கு எந்தக் கட்சி பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். ஒருவர் கேட்டதால் எல்லாருக்கும் கிடைத்தது என்பதைப் பிடித்துக்கொள்.

அந்தக் கொடி ஏறி ஒன்றரை ஆண்டில், 1976 ஜனவரி 31 அன்று, மாநில ஆட்சியைக் கலைக்க ஒன்றியத்துக்கு வழி தரும் 356-ஆவது பிரிவால் அதே ஆட்சி கலைக்கப்பட்டது. 1991 ஜனவரியிலும் கலைத்தார்கள். நாடு முழுக்க எத்தனையோ அரசுகள் இப்படிப் போயின. 1989-ல் கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மையின் ஆட்சியைக் கலைத்தபோது, 'அவையில் என் பெரும்பான்மையை நிரூபிக்கிறேன், வாய்ப்புக் கொடுங்கள்' என்று அவர் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் வீட்டில் முடங்கவில்லை, நீதிமன்றம் போனார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றார். உச்ச நீதிமன்றம் போனார். 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது: பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் சட்டமன்றம், ஆளுநரின் வரவேற்பறை அல்ல, கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம். பொம்மைக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை, அந்த அவையின் காலமே முடிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு வந்த முதலமைச்சர்கள் அவர் பெயரைச் சொல்லித் தப்பினார்கள். இன்றும் எந்த மாநிலத்தில் ஆட்சி ஆடினாலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டும் தீர்ப்பு அதுதான்.

இந்தக் கூட்டாட்சிக் கட்டடத்தில் இன்னும் பூசி முடியாத சுவர்களும் உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். அவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது என்கிறது 200-ஆவது பிரிவு. பதில் சொல்லாமலே வைத்துக்கொண்டிருந்தால்? தமிழ்நாட்டின் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கெடு விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றார்கள். காரணமில்லாமல் முடிவின்றித் தேக்கி வைப்பதையும் ஏற்கவில்லை. விவாதம் நடந்துகொண்டேயிருக்கும். எழுபத்தைந்து வருடம் ஆகியும் கேள்வி தீரவில்லையே என்று சலித்துக்கொள்ளாதே. கேள்விக்கு இடம் இருக்கிற வரை உனக்கும் அங்கே இடம் இருக்கிறது.

நீதிமன்றம் என்றால் உனக்கு இன்னும் பயம். கறுப்புக் கோட்டு, ஆங்கிலம், வாய்தா. ஒரு காகிதத்தின் கதை கேள். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பக்கத்தில் இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை அறிந்தார். ஒரு தாளை எடுத்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, ஸ்டாம்ப் இல்லை, முறையான மனு வடிவம் இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைச் சுவருக்குள்ளும் அரசமைப்புச் சட்டம் நுழையும் என்று நிலைநாட்டியது. தூக்குக் கயிறு காத்திருக்கும் ஒருவன், தனக்காகக்கூட அல்ல, அடுத்தவனுக்காக எழுதிய காகிதம்! உனக்கு என்ன கயிறு கழுத்தில் தொங்குகிறது? பேனாவை எடுக்க எது தடுக்கிறது?

நீதிமன்றமே உனக்கு எதிராகப் போனால் என்ன செய்வது என்று கேட்பாய். அதற்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் எல்லாச் சமூகத்துக்கும் இடம் பகிர்ந்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் முதலில் சென்னை உயர் நீதிமன்றமும் பிறகு 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. சட்டப் புத்தகத்தில் இருந்த வரிகளின்படி அப்படித்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்றார்கள் நீதிபதிகள். தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார், மாணவர்கள் இறங்கினார்கள். தலைவிதி என்று யாரும் உட்காரவில்லை. வரிதான் தடை என்றால் வரியைத் திருத்து என்றார்கள். நேரு பிரதமர், அம்பேத்கர் சட்ட அமைச்சர். 1951 ஜூனில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) பிரிவைச் சேர்த்தது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. உன் வீட்டில் முதல் பட்டதாரி யார்? அவருடைய பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் இந்த இரண்டு மாத இடைவெளி இருக்கிறது.

எல்லாமே வெற்றிக் கதைகள் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். துண்டுகள் ஒன்றையொன்று பிடிக்கத் தவறிய நாளும் உண்டு. 1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலையில் காரணம் சொல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். உயர் நீதிமன்றங்கள் பல அவர்கள் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள். நான்கு பேர் 'இப்போது அந்த உரிமையைக் கேட்க முடியாது' என்றார்கள். ஒருவர், எச்.ஆர். கன்னா, மறுத்தார். எழுதினால் தலைமை நீதிபதி நாற்காலி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எழுதினார். போயிற்று, 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான பெய்க் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா அன்றே ராஜினாமா செய்தார். அடுத்து நடந்ததைக் கவனி. 1977 மார்ச்சில் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். 1978-ல் 44-ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21-ஆவது பிரிவை முடக்க முடியாது என்று பூட்டுப் போட்டது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வில் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று தூக்கி எறியப்பட்டது. 2017-ல் முதன்மைத் தீர்ப்புரையை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976-ல் அந்த நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். தந்தை தவறவிட்ட இடத்தை மகன் திருத்தினார்.

நீ கன்னாவாக இருக்க வேண்டிய இடம் டெல்லியில் இல்லை. உன் அலுவலகத்தில், உன் ஊர்க் கூட்டத்தில், எல்லாரும் 'ஆமாம்' என்று தலையாட்டும்போது 'எனக்குச் சம்மதமில்லை, என் கருத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது.

பதிவு என்றதும் மறுபடியும் புங்கமரத்தடிக்கு வருகிறேன். ரசீது ஏன் அவ்வளவு முக்கியம் என்று பின்னாளில் ஒரு வழக்கறிஞர் எனக்கு விளக்கினார். அதிகாரி தன் கடமையைச் செய்யவில்லை என்றால் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மதுரைக் கிளையிலும் போடலாம். நீதிபதி முதலில் கேட்பது: 'அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா? எப்போது? அத்தாட்சி எங்கே?' அத்தாட்சி இருந்தால், 'இவருடைய மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்' என்று உத்தரவு போகும். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் உன் எட்டு நடைக்கும் அழுகைக்கும் சாட்சியே இல்லை. நிர்வாகத்தின் கதவிலிருந்து நீதியின் கதவுக்கு நீ கடந்துபோகும் பாலம், அரை விரல் அகலமுள்ள அந்த ரசீது!

இன்னொரு கருவியும் உன் கையில் இருக்கிறது. ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பில் திரண்ட கூலித் தொழிலாளர்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர், 'எங்கள் பெயரில் எழுதிய கூலிக் கணக்கைக் காட்டு' என்று கேட்டார்கள். 1996-ல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2005-ல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணி நேரம். காரணமில்லாமல் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். கூலிக்காரப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்த சட்டம் இது. பட்டப்படிப்பு படித்துவிட்டு இதைப் பயன்படுத்தத் தயங்கினால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வாய்?

நான் பயன்படுத்தினேன். பெரியவர் எழுதிய மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம். ஒரு மாதம் கழித்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே கேள்விகள் கேட்டேன்: என் அம்மாவின் மனு எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரின் மேசையில் இருந்தது? ஒவ்வொருவரும் என்ன குறிப்பு எழுதினார்? கோப்பின் நகல் தருக. பதில் வரவில்லை. பத்தொன்பதாவது நாள் சான்றிதழே வந்துவிட்டது.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் நடக்கிறவர்களை எனக்குத் தெரியும். கையூட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கோப்பைத் தொலைத்துவிட்டோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்! எதிரில் இருப்பவன் தன் கடமையை மறந்தான் என்பதற்காக நீ உன் உரிமையை மறப்பாயா? 14-ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. படித்தவருக்கு என்றோ பணக்காரருக்கு என்றோ அங்கே எழுதவில்லை. செருப்பைக் கழற்றாதே. கையைக் கட்டாதே. மரியாதையோடு பேசு, ஆனால் நேராக நின்று பேசு. எதிரில் இருப்பவரின் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொள். தேதி போடு. ரசீது வாங்கு.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் என்றால் முன்பெல்லாம் நூறு நாள் வேலைக்காரர்களைக் கையெழுத்துப் போடக் கூட்டி வருவார்கள். டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும். ஒரு அக்டோபர் 2. பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா. நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் ஆறு மாதமாக உடைந்து கிடந்தது. அம்மா எழுந்தாள். செருப்பு காலில் இருந்தது. தலைவர், செயலர், மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி, எல்லார் முன்னாலும் குழாய் உடைந்த தேதியையும் இரண்டு முறை மனு கொடுத்த தேதியையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

"எழுதிக்கிறேன்மா, உக்காருங்க" என்றார் செயலர், மேசையில் கிடந்த ஒரு பழைய தாளை எடுத்தபடி.

அம்மா உட்காரவில்லை.

"அந்தத் தாள்ல வேணாம் தம்பி. தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. எழுதினத வாசிச்சுக் காட்டுங்க, நான் நிக்கிறேன்."

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். புத்தகம் திறந்தது. எழுதி, வாசித்துக் காட்டினார்கள். அம்மா ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாள். 'விரைவில்' என்று எழுதியிருந்த இடத்தில் தேதி போடச் சொன்னாள். போட்டார்கள். பிறகுதான் மேசைக்குப் போய், பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.